அசாமுக்குக் குடிபோகிறவர்களுக்கு: மொழி, முறை, சாப்பாடு

வேலை, படிப்பு, கல்யாணம் என்று ஏதோ ஒரு காரணத்தால் குவாஹாட்டிக்கோ ஜோர்ஹாட்டுக்கோ போய்க் குடியேறுகிறவர்கள், பள்ளியில் படித்த இந்தியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள். கடைத்தெருவுக்கு அது போதும். பக்கத்து வீட்டு வராந்தாவுக்குப் போதாது. அசாமிய மொழியில் பத்து வாக்கியம் பேசத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அங்கே கிடைக்கும் வரவேற்பு வேறு வேறு. அந்தப் பத்து வாக்கியத்தை எந்த வரிசையில் பிடிப்பது, ஒரு வீட்டுக்குப் போனால் என்ன செய்வது, சமையலறையில் எங்கிருந்து தொடங்குவது என்பதற்கான வழிகாட்டி இது.

போகிற ஊரை முதலில் வரைபடத்தில் பாருங்கள். பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கில்தான் அசாமிய மொழி பொதுமொழி. தெற்கே பராக் பள்ளத்தாக்கில், சில்சர் பக்கம், வங்காளம். கோக்ராஜாரில் போடோ. கார்பி ஆங்லோங், திமா ஹசாவ் மலை மாவட்டங்களில் கார்பியும் திமாசாவும். 2011 கணக்கெடுப்பில் அசாமிய மொழியைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் சுமார் 1.5 கோடிப் பேர். மாநிலத்தின் மக்கள்தொகை அப்போது 3 கோடியைத் தாண்டியிருந்தது. அசாமில் இருப்பவர் எல்லாரும் அசாமிய மொழிக்காரர் என்று நினைத்துப் பேச்சைத் தொடங்கினால் முதல் நாளே தடுமாறுவீர்கள்.

இன்னொன்று: "உங்கள் மொழி வங்காளம் மாதிரியே இருக்கிறதே" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். 1836இல் ஆங்கிலேய ஆட்சி நீதிமன்றத்திலும் பள்ளியிலும் வங்காளத்தை வைத்தது; அசாமிய மொழி தன் இடத்தைத் திரும்பப் பெற 1873 வரை ஆயிற்று. 1960இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது, 2024 அக்டோபரில் செம்மொழித் தகுதி கிடைத்தது. நாம் சும்மா சொல்லும் ஒரு வாக்கியம் அங்கே அந்தப் பழைய புண்ணில் போய் விழும்.

காதுக்கு முதல் வேலை

எழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் ஒலிக்கு ஒதுக்குங்கள். தமிழ் வாய்க்கு இடறும் இடங்கள் ஐந்து.

அசாமிய எழுத்தில் ஸ, ஶ, ஷ மூன்றும் உண்டு. ஆனால் தனியாக வரும்போது மூன்றுக்கும் ஒரே ஒலி, அதுவும் ஸகர ஒலி இல்லை. தொண்டைப் பக்கம் உரசிக்கொண்டு வரும் மூச்சு. "மகன்" என்று சொல்லும்போது நடுவில் வரும் க-வை இன்னும் தளர்த்தி, குரலை எடுத்துவிட்டு, காற்றை மட்டும் உரசவிட்டால் கிட்டத்தட்ட அதுதான். இந்தக் கட்டுரையில் அதை ஃக என்று எழுதியிருக்கிறோம். அசாமின் பெயர் அவர்கள் வாயில் ஒஃகொம். மக்களும் மொழியும் ஒஃகொமியா. இந்த ஒலி வராதவர்கள் ஹகரம் போட்டுச் சமாளிப்பார்கள். அங்கேதான் சிக்கல்: ஃகாத் என்றால் ஏழு, ஹாத் என்றால் கை. ஏழு ரூபாய் என்று நினைத்துக்கொண்டு கை ரூபாய் என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். மெய் சேர்ந்து வரும் கூட்டெழுத்தில் மட்டும் ஸகரம் தலைகாட்டும்: ஸ்கூல், ஸ்ரீ.

ஸகர ஒலி எங்கே போயிற்று என்றால், ச வரிசைக்குப் போய்விட்டது. தேநீர் எழுத்தில் "சாஹ்", வாயில் ஸாஹ். சர்க்கரை ஸினி. நான்கு ஸாரி. ஜ வரிசையும் இப்படியே உரசும். ஆங்கிலத்தில் விலங்குக்காட்சிசாலையை "ஜூ" என்கிறோமே, அந்த ஜ.

மூன்றாவது, த-வும் ட-வும். எழுத்தில் இரண்டு வரிசை, வாயில் ஒன்றே. நாக்கு பல்லிலும் படாது, மேலே மடங்கவும் மடங்காது. மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈற்று மேட்டில் தட்டும். யாழ்ப்பாணத்தார் "காற்று" என்று சொல்லும்போது ற்ற எங்கே தட்டுகிறதோ அதே இடம். கீழே த என்று எழுதியிருப்பதை எல்லாம் அங்கே தட்டிச் சொல்லுங்கள். நம் ட-வைக் கொண்டுபோனால் அவர்கள் காதுக்கு முரடாக இருக்கும்.

நான்காவது, மூச்சு சேர்ந்த வல்லினம். ப்ஹாத் என்றால் சோறு, பாத் என்றால் வழி. இரண்டிலும் முதல் ஒலி "கம்பம்" என்பதன் நடுவில் வரும் ப போல அதிர்கிற ப. வேறுபாடு உடன் வரும் மூச்சு மட்டும்தான். உணவகத்தில் சோறு கேட்கிறவர் வழி கேட்கிறவராக ஆகிவிடுவார். அதிர்கிற ப-வைச் சொல்லிக்கொண்டே பின்னால் ஹ விடுங்கள். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்தால் காற்று படுவது தெரிய வேண்டும்.

ஐந்தாவது உயிர். குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றாது, ஆகவே இழுத்துச் சொல்வதை மறந்துவிடுங்கள். ஆனால் வாய் திறப்பின் அளவு பொருளை மாற்றும். ஆ சொல்லுவது போல் வாயைத் திறந்து உதட்டை மட்டும் லேசாகக் குவித்தால் வருவது அவர்களுடைய முதல் உயிர். அதைவிடச் சற்று மூடினால் ஒ, இன்னும் மூடினால் ஒ-வுக்கும் உ-வுக்கும் நடுவில் ஒன்று, கடைசியில் உ. ககரத்தில் தொடங்கி லா-வில் முடியும் ஒரே சொல்லை இந்த நான்கு திறப்பில் சொன்னால் முறையே செவிடு, கறுப்பு, மடி, முறம். உள்ளூர்க்காரர் ஒருவரை உட்காரவைத்து இந்த நான்கையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். காது பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படித்தால் நான்கும் ஒன்றாகிவிடும். இந்தக் கட்டுரையின் எழுத்துக்கூட்டலையும் நினைவுக்குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வினையின் தன்மை ஈற்றில் மூக்கொலி வரும். நாம் பேச்சில் "போறோம்" என்று முடிக்கும்போது ம் கரைந்து ஓ மூக்கால் போகிறதே, அது. நமக்கு எளிதாக வரும் ஒரே இடம் இதுதான்.

எழுத்தும் எண்ணும்

எழுத்துரு வங்காளத்துடன் பெரும்பாலும் பொது. அடையாளம் காட்டும் எழுத்துகள் இரண்டு: வங்காளத்தில் புள்ளி வைத்த ர, அசாமியத்தில் வயிற்றில் கோடு போட்ட ர, கூடவே வகரத்துக்குத் தனி எழுத்து. கைபேசியில் வங்காள விசைப்பலகையை வைத்துக்கொண்டு செய்தி அனுப்பினால் ஒவ்வொரு ர-வும் காட்டிக்கொடுக்கும். அசாமிய விசைப்பலகை தனியாக இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கு முன்னால் எண்ணைப் படியுங்கள். அசாமிய நான்கு பார்வைக்கு நம் 8 போலவே இருக்கும். அசாமிய ஏழு 9 போலத் தெரியும். விலைப்பலகையில் 40 என்று எழுதியிருப்பதை 80 என்று படித்துவிட்டு, கடைக்காரர் அதிகம் வாங்கவில்லையே என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. ஒன்று முதல் பத்து வரை: ஏக், துய், தினி, ஸாரி, பாஸ், ஸொய், ஃகாத், ஆத்ஹ், நொ, தொஹ். நூறு ஏஃகொ. "தேர்" என்றால் ஒன்றரை, "ஆர்ஹொய்" என்றால் இரண்டரை. ஆகவே தேர்ஃகொ 150, ஆர்ஹொய்ஃகொ 250. மீன்கடையில் இந்த இரண்டும் நொடிக்கொருமுறை காதில் விழும்.

நீ, நீங்கள், அதற்கும் நடுவில் ஒன்று

முன்னிலை மூன்று வகை. தொய் என்பது குழந்தைகளுக்கும் மிக நெருங்கியவர்களுக்கும். துமி நண்பர்களுக்கும் இளையவர்களுக்கும். ஆபுனி மரியாதை. புதிதாக வருகிறவர் முதல் சில மாதம் ஆபுனி ஒன்றையே வைத்துக்கொள்வது நல்லது, ரிக்சாக்காரரிடமும் வீட்டு வேலைக்கு வருபவரிடமும் சேர்த்து. தெரியாத பெரியவரிடம் தவறி ஒரு தொய் விழுந்தால் மன்னிப்புக் கேட்டாலும் சட்டென்று ஆறாது.

ஆபுனியை வைத்துக்கொள்வதில் இன்னொரு லாபம், வினை எளிது. அதற்கும் படர்க்கைக்கும் ஒரே ஈறு. எதிர்கால "-போ" ஈற்றைப் பிடித்துக்கொண்டால் பணிவான வேண்டுகோளும் அதிலேயே வந்துவிடும்: திபோ (கொடுங்கள்), ஜாபோ (போங்கள்), கொபோ (சொல்லுங்கள்), க்ஹாபோ (சாப்பிடுங்கள்). உபசரிக்கும்போது "-ஓக்" ஈறு காதில் விழும்: ஆஹொக் (வாருங்கள்), பொஹொக் (உட்காருங்கள்), க்ஹாஒக் (சாப்பிடுங்கள்). தேநீரும் "சாப்பிடு"வதுதான், குடிப்பதற்குத் தனி வினை தேட வேண்டாம்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும், தெரியாதவரையும். ஏறக்குறைய அண்ணன் வயது ஆண் தாதா. அப்பாவின் தம்பி வயது என்றால் க்ஹுரா, அவர் மனைவி க்ஹுரி. அக்கா வயதுப் பெண் பைதேஉ. ஆசிரியை, மேலதிகாரி, வங்கியில் இருப்பவர் யாரையும் பைதேஉ என்று கூப்பிடலாம், தவறாகாது. சித்தி வயது மாஹி. தாத்தா கொகா, பாட்டி ஆய்தா. தம்பி ப்ஹைதி, தங்கை ப்ஹொந்தி. மாமாவும் மாமியும் அப்படியே மாமா, மாமி. குவாஹாட்டியில் அங்கிள், ஆன்ட்டி நிறையப் புழங்குகிறது. அதை நம்பிப் பழகினால் ஊர்ப்பக்கம் போகும்போது வாய் வராது.

உறவுப்பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. யாருடைய அப்பா என்பதைப் பொறுத்து அப்பா என்ற சொல்லே மாறும். என் அப்பா மோர் தேஉதா. உன் (துமி) அப்பா தோமார் தேஉதாரா. உங்கள் அப்பாவும் அவருடைய அப்பாவும் தேஉதாக். அம்மாவுக்கு மா, மாரா, மாக். எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டாம்: என்னுடையதற்கு மா, தேஉதா, மற்றவருடையதற்கு மாக், தேஉதாக். நலம் விசாரிக்க இது போதும்: "ஆபோனார் மாக் ப்ஹாலே ஆஸே நே?" கடைசியில் வரும் நே, நம் வாக்கியத்தின் ஆ போல, கேள்வி.

பெரியவர்கள் வாக்கியத்தின் ஈற்றில் "தேய்" என்று ஒன்று போடுவார்கள்: "ஹொபோ தேய்", "க்ஹாபோ தேய்". தமிழ்க் காதுக்கு யாரோ டேய் போட்டுக் கூப்பிட்டது போலிருக்கும். அது சொல்வதைக் கனிவாக்குவதற்குச் சேர்க்கும் அசை. திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

எண்ணோடு ஒட்டும் சொல்

அசாமிய மொழியின் முதுகெலும்பு இது, புதியவர்கள் கடைசி வரை தப்பாகச் சொல்வதும் இதுதான். "ஒரு புத்தகம்" என்று எண்ணையும் பெயரையும் சும்மா சேர்க்க முடியாது. பொருளின் வடிவத்துக்கோ தகுதிக்கோ ஏற்ற ஒரு சிறு சொல் எண்ணோடு ஒட்ட வேண்டும்.

தட்டையாகவோ பரந்தோ இருப்பவற்றுக்கு க்ஹொன்: புத்தகம், துணி, படகு, வண்டி, ஊர், ஆறு. ஏக்ஹொன் கிதாப், ஒரு புத்தகம். நீண்டு மெலிந்தவற்றுக்கு தால்: கயிறு, கம்பு, ஒற்றை மயிர். நிற்கும் மரம் செடிக்கு ஜோபா. பூவுக்கு பாஹ். கீரைக்கட்டுக்கு முத்ஹி. எண்ண முடியாத சோறு, தண்ணீர் போன்றவற்றில் "இவ்வளவு" என்பதற்கு க்ஹினி. இவற்றில் எதிலும் அடங்காத முட்டை, ஆப்பிள், நாய் எல்லாம் ஏதா (ஒன்று), துதா (இரண்டு).

அதே சொல் பெயரின் பின்னால் ஒட்டினால் "அந்தக் குறிப்பிட்ட" என்ற பொருள் வரும். கிதாப்க்ஹொன் என்றால் நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் புத்தகம். எண்ணுக்கு முன்பா பின்பா என்று குழம்ப வேண்டாம். எண் இருந்தால் எண்ணோடு, எண் இல்லையென்றால் பெயரோடு.

பொருளில் தவறினால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். மனிதரில் தவறக்கூடாது. ஆணுக்கு ஜொன்: மானுஹ்ஜொன், அந்த மனிதர். அதையே மானுஹ்தோ என்றால் "அந்த ஆளு" என்று இறங்கிவிடும். சிறுமிக்கும் பெண் விலங்குக்கும் ஜொனி. அதை நாற்பது வயது ஆசிரியைக்குப் போட்டால் அவமதிப்பு, அவருக்கு கொராகி. சுருக்கமாக, வயதில் பெரிய பெண்ணைப் பற்றிப் பேசும்போது கொராகி, ஆணைப் பற்றிப் பேசும்போது ஜொன். தோ, ஜொனி இரண்டையும் குழந்தைகளுக்கும் பிராணிகளுக்கும் விட்டுவிடுங்கள்.

பழகும் இடம் காய்கறிச் சந்தை. ஒவ்வொரு நாளும் நான்கு பொருளை எண்ணிக் கேளுங்கள். தவறாகச் சொன்னால் கடைக்காரர் சரியான சொல்லைத் திருப்பிச் சொல்லித்தான் எடுத்துக் கொடுப்பார். தேவையான மற்ற சொற்கள்: தாம் கிமான் (விலை என்ன), ஒலொப் (கொஞ்சம்), லாகே (வேண்டும்), நாலாகே (வேண்டாம்), ஆஸே (இருக்கிறது), நாய் (இல்லை), ஹொபோ (சரி, போதும்).

எதிர்மறை அழகானது. வினைக்கு முன்னால் ந ஒட்டும். அதன் உயிர், வினையின் முதல் உயிரைப் பார்த்து மாறும். க்ஹாஓ (சாப்பிடுகிறேன்) நாக்ஹாஓ ஆகும். லிக்ஹோ (எழுதுகிறேன்) நிலிக்ஹோ. ஃகுனோ (கேட்கிறேன்) நுஃகுனோ. தேக்ஹோ (பார்க்கிறேன்) நேதேக்ஹோ. "நாஜானோ", தெரியாது, உங்கள் முதல் மாதத்தின் பாதிப் பேச்சு இதுவாகத்தான் இருக்கும். வேகமாகப் பேசினால் "லாஹே லாஹே கொபோ", மெதுவாகச் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போனால்

செருப்பை வெளியே கழற்றுங்கள். "ஆஹொக், பொஹொக்" என்பார்கள், தண்ணீர் வரும், பிறகு தேநீர். பால் வேண்டாமென்றால் ரொங்கா ஸாஹ், பாலோடு என்றால் காக்ஹீர் ஸாஹ்.

அடுத்து தாமோல்-பான். தாமோல் பாக்கு, பான் வெற்றிலை. நிற்கும் அடி வைத்த போதா என்ற வெண்கல, பித்தளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். இதை வாயில் போடும் பண்டமாக மட்டும் பார்க்காதீர்கள். அழைப்பு, மன்னிப்பு, மரியாதை எல்லாம் இந்தத் தட்டின் மேல்தான் நடக்கிறது. இரண்டு கையாலும் வாங்குங்கள், அல்லது வலக்கையால் எடுத்து இடக்கையை முழங்கையருகே வையுங்கள். பெரும்பாலும் பச்சைப் பாக்காக இருக்கும். நம் ஊர்க் காய்ந்த களிப்பாக்கு போல் நினைத்து முழுத் துண்டையும் போட்டுக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் காது சூடாகி, வியர்த்து, தலை சுற்றும். பழக்கமில்லாதவர் கடுகளவு கிள்ளி வெற்றிலையில் மடித்துக்கொள்ளலாம். பாக்கு புற்றுநோய்க் காரணி என்பதால் வேண்டவே வேண்டாம் என்று இருப்பவரும் தட்டை மறுக்கக் கூடாது: எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "மொய் தாமோல் நாக்ஹாஓ" என்று சிரித்தபடி சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். தட்டையே தள்ளுவதுதான் பிழை.

காமோஸா என்ற வெள்ளைத் துண்டை எங்கும் காண்பீர்கள். மூன்று பக்கம் சிவப்புக் கரை, நான்காவது பக்கம் சிவப்பு நூலில் பூவேலை. பூவில்லாத உகா காமோஸா உடம்பு துடைக்க. பூவேலை செய்த பூலாம் காமோஸா மரியாதைக்கு. கழுத்தில் போட வருகிறவர்களுக்குத் தலையைச் சற்றுக் குனிந்து கொடுங்கள். பரிசாக வந்ததைச் சமையலறைக் கைத்துணி ஆக்கினால் பார்த்தவர் முகம் மாறும். 2022இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நாம்கர் என்ற வழிபாட்டுக் கூடத்துக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். சங்கரதேவர் (1449–1568) தொடங்கிய வைணவ வழியில் சிலை இல்லை. மணிகூடம் என்ற கருவறையில் சிங்காசனத்தின் மேல் புனித நூலை வைத்து வணங்குவார்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனியே தரையில் அமர்வார்கள். ஊறவைத்த பயறும் கடலையும், தேங்காய், இஞ்சி சேர்த்துப் பிரசாதம் வரும்.

கிளம்பும்போது "ஜாஓ" (போகிறேன்) என்று சொல்லாதீர்கள். "ஆஹோ தேய்", வருகிறேன். இதற்குத் தமிழருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

சமையலறையில் முதல் பாடம்: க்ஹார்

மதியச் சாப்பாட்டின் தொடக்கம் க்ஹார், முடிவு தெங்கா என்ற புளிப்புக் குழம்பு. நடுவில் பருப்பு, காய், மீன், பிசைந்த உருளைக்கிழங்கில் பச்சைக் கடுகெண்ணெய் விட்ட ஆலு பிதிகா. காரமும் புளிப்பும் ஒன்றையொன்று முறிக்கும் என்பதால் இரண்டையும் ஒரே பிடியில் பிசைய மாட்டார்கள். க்ஹார் என்றதும் மிளகாயை நினைக்க வேண்டாம். இது சாம்பல் காரம், நாக்கில் வழுக்கும் சுவை. அசாமியர் தங்களையே க்ஹார் தின்னி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அடிப்படை கொலாக்ஹார் என்ற நீர். செய்முறை:

1. விதையுள்ள பீம்கொல் வாழையின் தோலைப் பட்டையாகக் கீறி, ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை வெயிலில் காயவையுங்கள். வழக்கமாக நான்கைந்து நாள். ஈரம் இருந்தால் எரியாமல் கரியும், நீரில் கரிந்த வாடை வரும்.

2. சுத்தமான இரும்புச் சட்டியிலோ தகரத்திலோ எரியுங்கள். பற்றவைக்கத் தாளோ பிளாஸ்டிக்கோ மண்ணெண்ணெயோ கூடாது. சாப்பிடப் போவது அந்தச் சாம்பலைத்தான். கறுப்புக் கரி நீங்கிச் சாம்பல் நிறம் வரும்வரை விடுங்கள்.

3. ஆறியபின் ஒரு கோப்பைச் சாம்பலுக்கு மூன்று கோப்பைத் தண்ணீர். முன்பெல்லாம் கண்ணில் துளையிட்ட கொட்டாங்கச்சியில் வைக்கோலைத் திணித்து, மேலே சாம்பலை வைத்து நீரூற்றிச் சொட்டவிடுவார்கள். நகரத்து வீட்டில் இரவு முழுக்க ஊறவைத்துக் கெட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டினால் போதும். வடிவது கட்டன் தேநீர் நிறத்தில் இருக்கும், விரலிடுக்கில் வழுக்கும்.

4. கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். அலுமினியத்தில் வைத்தால் காரம் பாத்திரத்தை அரிக்கும்.

இனி பப்பாளிக்காய் க்ஹார், நான்கு பேருக்கு. காய் அரைக் கிலோ, தோலும் விதையும் நீக்கி இரண்டு சென்டிமீட்டர் துண்டாக. கடுகெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி புகையும்வரை காய்ச்சி, அடுப்பைத் தணித்து, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கீறிய பச்சைமிளகாய் இரண்டு. வெந்தயம் கறுத்தால் கசக்கும். பொன்னிறத்தில் காயைப் போட்டு, ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்து மூடிப் பத்து நிமிடம். பிறகு கொலாக்ஹார் இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் அரைக் கோப்பை. மூடி இன்னும் ஐந்தாறு நிமிடம். காரம் பட்டதும் காய் சட்டென்று குழையும், ஆகவே பக்கத்திலேயே நில்லுங்கள். பாதியை மசித்து, ஒரு அங்குல இஞ்சியைத் தட்டிப் போட்டு இறக்கி, மேலே ஒரு தேக்கரண்டி பச்சைக் கடுகெண்ணெய்.

மஞ்சள்தூள் போடாதீர்கள், காரத்தில் மஞ்சள் செங்கல் நிறமாகும். சவுக்காரச் சுவை தட்டினால் க்ஹார் கூடிவிட்டது என்று பொருள். எலுமிச்சை பிழிந்து சரிசெய்யப் பார்த்தால் நுரைத்து க்ஹார் என்ற பெயரே போய்விடும். வேகவைத்த காயை இன்னும் சேர்ப்பதுதான் வழி. கொலாக்ஹார் கிடைக்காத ஊரில் சமையல் சோடா கால் தேக்கரண்டி போடுவார்கள். சமாளிக்கலாம், வாழைச் சாம்பலின் மணம் வராது.

பிஹு வருவதற்கு முன்

பிஹு என்ற திருவிழா மூன்று. ஏப்ரல் நடுவில் வரும் போஹாக் பிஹு ஆட்டமும் பாட்டும். ஆண்டுப் பிறப்பும் அதுவே. அக்டோபர் நடுவில் காதி பிஹு, களஞ்சியம் காலியாக இருக்கும் காலம், துளசியடியிலும் வயலிலும் விளக்கு மட்டும். ஜனவரி நடுவில் மாக் பிஹு: முதல் இரவு உருகா, கூட்டாகச் சமைத்துச் சாப்பாடு, மறுநாள் விடியலில் மேஜி என்ற கூம்பைக் கொளுத்துவார்கள். சூரியக் கணக்கு என்பதால் போஹாக்கும் மாக்கும் நம் சித்திரைப் பிறப்பையும் பொங்கலையும் ஒட்டியே வரும். ஊருக்குப் போக இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் விடுப்புக் கேட்பார்கள், பயணச்சீட்டை முன்கூட்டியே எடுங்கள்.

போஹாக் பிஹுவின் முதல் நாள் மாட்டுக்கு. உளுந்தும் மஞ்சளும் அரைத்துப் பூசிக் குளிப்பாட்டி, சுரைக்காயும் கத்தரிக்காயும் ஊட்டுவார்கள். இரண்டாம் நாள் மனிதருக்கு. பெரியவர்களை வணங்கி பிஹுவான் என்ற பெயரில் காமோஸா கொடுப்பது அன்றுதான். வீட்டு உரிமையாளர், அலுவலகத்தில் மூத்தவர், பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று பட்டியல் போட்டு, மார்ச் மாதமே கைத்தறிக் காமோஸா வாங்கிவையுங்கள். ஏப்ரலில் விலையும் ஏறும், நல்ல நெசவும் தீர்ந்துவிடும். விசைத்தறித் துணி மலிவு, ஆனால் நெசவு தெரிந்த ஆய்தா தொட்டதும் கண்டுபிடித்துவிடுவார்.

அந்த நாட்களில் மாலையில், வீடு வீடாகப் போய்ப் பாடி ஆடும் ஹுஸொரிக் குழு முற்றத்துக்கு வரும், தோல் என்ற மேளமும் பேபா என்ற எருமைக்கொம்புக் குழலும் தாளமுமாக. உள்ளேயே இருந்து சன்னல் வழியாகப் பார்க்காதீர்கள், குடும்பத்தோடு வெளியே வாருங்கள். தாமோல்-பான், ஒரு காமோஸா, உங்கள் வசதிக்கேற்ற பணம் மூன்றையும் போதாவில் வைத்துத் தயாராக வைத்திருங்கள். ஆட்டம் முடிந்ததும் போதாவை முன்னால் வைத்து, வீட்டார் தலை குனிந்து உட்கார வேண்டும். மூத்தவர் வாழ்த்துச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் "ஹொய்" என்று சேர்ந்து சொல்வார்கள். நடுவில் எழுந்து கைபேசியில் படம் எடுப்பதை யாராவது ஒருவர் ஓரமாக நின்று செய்யட்டும். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று குழு வரலாம், பாக்கு வெற்றிலையைக் கொஞ்சம் கூடவே வாங்குங்கள். நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்றால் போதாவையும் அதில் வைப்பதையும் பக்கத்து வீட்டு பைதேஉவிடம் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் முற்றத்தையும் சேர்த்து வாழ்த்திவிட்டுப் போகச் சொல்வார்.